ஐந்து முறை தோற்ற வேட்பாளர்

(கென்ய நாட்டுத் தலைவர் ரைலா ஒடிங்காவின் அரசியல் வாழ்வு பற்றிச் சட்டத்தரணிகளும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நமது தீவைச் சார்ந்ததன்று. இந்து சமுத்திரத்தின் மேற்குக் கரையிலுள்ள கென்யாவில் ஒருவர் 1997 முதல் 2022 வரை ஐந்து முறை சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். 2025 ஒக்டோபர் 15ஆம் நாள், கேரளத்திற் கூத்தாட்டுக்குளம் என்னும் ஊரில் ஆயுர்வேத சிகிச்சைக்காகத் தங்கியிருந்தபோது, காலை உலாவச் சென்றவிடத்து மாரடைப்பால் காலமானார். வயது எண்பது. ரைலா ஒடிங்கா என்பது அவர் பெயர்.

தோற்றவர் ஒருவரைப் பற்றி இத்தனை பேர் கூடிப் பேசவேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். 1978 முதல் நிறைவேற்று அதிகாரங் கொண்ட சனாதிபதி முறையின்கீழ் வாழ்பவர்கள் நாம். நமது எண்ணிக்கையை மட்டும் கொண்டு அப்பதவியை எட்ட முடியாது என்பதைக் கணிதம் படியாதவரும் அறிவர். ரைலா பிறந்த லுவோ மக்களும் கென்யாவிற் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவினரே. எண்ணிக்கையிற் சிறிய மக்களிடமிருந்து எழுந்த ஒருவர் அந்த உச்சப் பதவிக்காகத் திரும்பத் திரும்ப நின்றதனால் என்ன விளைந்தது என்ற வினா நமக்கும் உரியதே. ஒரு வேறுபாட்டை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் நேர்மை. கென்யாவில் எந்த இனத்துக்கும் பெரும்பான்மை இல்லை. மிகப் பெரிய இனமாகிய கிக்குயு மக்களும் ஐந்திலொரு பங்கிற்குக் குறைந்தவர்களே. கூட்டுச் சேராமல் அங்கு எவரும் ஆளமுடியாது. நமது நிலை அதுவன்று.

ரைலாவின் தந்தை ஜரமோகி ஒகிங்கா ஒடிங்கா கென்யாவின் முதல் உப சனாதிபதி. ஜோமோ கென்யாட்டா பிரித்தானியரின் சிறையில் இருந்த காலத்தில் அவரை விடுவிக்க வேண்டுமென்று சட்டசபையிலே துணிந்து குரல் கொடுத்தவர் அவர். அதே கென்யாட்டாவுடன் முரண்பட்டு 1966இற் பதவி துறந்தார். அவர் தொடங்கிய கட்சி 1969இல் தடைசெய்யப்பட்டு, அவரும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். பல கட்சி முறை மீண்டபின் 1992இல் முதியவராக நின்று நான்காம் இடம் பெற்றார். எதிரணி சிதறிப் போனதால் அத்தேர்தலில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேலான வாக்குகளோடு டானியல் அரப் மொய் வென்றார். ஒற்றுமை இல்லாத எதிர்க்கட்சிகள் ஆளும் கட்சிக்குச் செய்யும் ஊழியம் எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மகன் கிழக்கு ஜேர்மனியிற் பொறியியல் பயின்று நைரோபிப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1982 ஓகஸ்ட் 1ஆம் நாள் விமானப் படையினர் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றனர். அதிற் பங்குண்டு என்று ரைலா கைதானார். இராசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. பின்னர் விசாரணையின்றியே 1988 வரை அடைத்து வைக்கப்பட்டார். அதன்பின்னும் இரு முறை அதே தடுப்புக் காவல். 1984இற் தாயார் இறந்த செய்தி பல வாரங்கள் கழித்தே சிறையில் அவருக்குச் சொல்லப்பட்டது. விசாரணையற்ற தடுப்புக் காவல் எத்தகையது என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இவர் பின்னாளில் அரசியல் யாப்பு, அரசியல் யாப்பு என்று ஓயாது முழங்கியதன் வேர் அந்தச் சிறையறையிலே உள்ளதென்பது நமது கருத்து.

1997இல் முதன்முறை நின்றார். மூன்றாம் இடம், நூற்றுக்குப் பதினொன்று அளவான வாக்குகள். பின்னர் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தம்மைச் சிறையிலிட்ட மொய்யுடன் ஒத்துழைத்து, 2001இல் அவருடைய மந்திரி சபையிலும் அமர்ந்தார். மொய் தமது வாரிசாகக் கென்யாட்டாவின் மகன் உகுருவை நியமித்தபோது, வெளியேறி எதிரணியோடு சேர்ந்தார். 2002 ஒக்டோபரில் நைரோபியிற் கூடிய பெருந்திரளின் முன், “கிபாக்கி தோஷா”, அதாவது கிபாக்கி போதும் என்று அறிவித்துத் தம் வேட்பை விட்டுக்கொடுத்தார். கிபாக்கி வீதி விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது நாடெங்கும் சென்று அவருக்காக வாக்குக் கேட்டவரும் இவரே. சுதந்திரம் முதல் ஆண்ட கட்சி வீழ்ந்தது. தமக்காக ஐந்து முறை கேட்ட வாக்குகள் போதாமற் போயின. பிறருக்காகக் கேட்ட ஒரு முறை அவை குவிந்தன. தேர்தலுக்கு முன் எழுதப்பட்ட உடன்பாடோ வெற்றிக்குப்பின் மறக்கப்பட்டது. ஒப்பந்தங்கள் எழுதுவதும் கிழிப்பதும் கென்யாவுக்கு மட்டும் உரிய கலையன்று என்று நீங்கள் மனத்துட் சொல்லிக்கொள்வது நமக்குக் கேட்கின்றது.

2005இற் கிபாக்கி அரசு கொண்டுவந்த யாப்பு வரைவு சனாதிபதியின் அதிகாரத்தைக் குறைக்கவில்லை என்று கூறி, மக்கள் வாக்கெடுப்பில் அதனை ரைலா எதிர்த்தார். எதிர்ப்போருக்குத் தேர்தல் அதிகாரிகள் கொடுத்த சின்னம் தோடம்பழம். நூற்றுக்கு 58 பேர் வேண்டாமென்று வாக்களித்தனர். அந்தத் தோடம்பழமே அவருடைய புதிய கட்சியின் பெயருமாயிற்று.

இனி 2007. இந்த ஆண்டில் நாம் சற்று நின்று பேச வேண்டும்.

2007 டிசம்பர் 27ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. முதலில் வந்த எண்ணிக்கைகளில் ரைலா முன்னின்றார். பின்னர் முடிவுகள் தாமதித்தன. 30ஆம் நாள் மாலை கிபாக்கிக்கு 45,84,721 வாக்குகளென்றும் ரைலாவுக்கு 43,52,993 வாக்குகளென்றும் அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 2,31,728. அறிவித்து ஒரு மணி நேரங்கூடச் செல்வதற்கு முன் அந்திப் பொழுதில் அரச மாளிகையிற் கிபாக்கி சத்தியப் பிரமாணம் செய்துகொண்டார். நீதிமன்றம் செல்லுங்கள் என்றனர் ஆளுந் தரப்பினர். அந்த நீதிமன்றத்தை யார் நியமித்தார் என்று கேட்டார் ரைலா. செல்லவில்லை. தெருவுக்குச் சென்றது வழக்கு.

கிசுமுவிற் பொலீசாரின் துப்பாக்கிக்குப் பலியானவர்களிற் பெரும்பாலோர் ரைலாவின் ஆதரவாளர். பிளவுப் பள்ளத்தாக்கு மாகாணத்திலோ ரைலாவின் அணியைச் சேர்ந்த இளைஞர் கிக்குயுக் கமக்காரரைக் காணியிலிருந்து துரத்தி வீடுகளை எரித்தனர். எல்டொரெட் அருகே தேவாலயமொன்றில் அடைக்கலம் புகுந்திருந்த பெண்களும் பிள்ளைகளும் உள்ளே வைத்து எரிக்கப்பட்டனர். அந்தக் காணிகள் குடியேற்றவாதிகள் பிடுங்கியவை. சுதந்திரத்தின்பின் யாருக்குச் சேர்வது என்று தீர்க்கப்படாதவை. குடியேற்றமும் காணியும் தேர்தலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் என்ன நேரும் என்பதைக் காணி உடைய எவரும் உணர்வர். பின்னர் நியமிக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு இறந்தோரை 1,133 என்று கணக்கிட்டது. இடம்பெயர்ந்தோர் இலட்சக்கணக்கினர். கோபி அனான் சென்று சமரசம் பேசி, 2008 பெப்ருவரி 28ஆம் நாள் இருவரும் ஒப்பமிட்டனர். ரைலா பிரதம மந்திரியானார். தென்னாபிரிக்க நீதியரசர் கிரீக்லர் தலைமையிலான குழு தேர்தலை ஆராய்ந்து, வாக்குப் பதிவும் எண்ணலும் பழுதுபட்டதால் உண்மையில் வென்றவர் யாரென்று கண்டறிதல் இயலாது என்று அறிக்கையிட்டது. தாமே வென்றதாக ரைலா கடைசிவரை சொல்லி வந்தார். அதனை நாம் மறுக்கவும் மாட்டோம், உறுதிசெய்யவும் மாட்டோம். சான்று அழிந்த வழக்கிற் சட்டம் பயின்றவன் தீர்ப்புரைத்தல் முறையன்று. ஆனால் தம் பக்கத்தார் செய்த கொலைகளை அந்நாட்களில் அவர் இன்னும் உரத்த குரலிற் கண்டித்திருத்தல் வேண்டும்.

அந்தச் சாம்பலிலிருந்து எழுந்ததே 2010ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு. ஓகஸ்ட் 4ஆம் நாள் மக்களில் மூன்றில் இரு பங்கினர் அதனை ஏற்றனர். நாடு 47 கவுண்டிகளாக, அதாவது தெரிவு செய்யப்பட்ட ஆளுநரும் சபையும் உடைய மாவட்ட அரசுகளாக, வகுக்கப்பட்டது. தேசிய வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாத பங்கு அவற்றுக்குச் செல்லவேண்டும் என்று யாப்பிலேயே எழுதப்பட்டது. நமது 13ஆவது திருத்தத்தில் இத்தகைய ஓர் எண் எழுதப்படவில்லை என்பதைச் சட்டத்தரணிகள் இங்கே கவனிக்க வேண்டும். அடுத்து, சனாதிபதி ஆவதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் போதா. பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகளில் நூற்றுக்கு 25 வீதமாவது பெறவேண்டும். ஓரினத்தின் வாக்கை மட்டும் திரட்டியவர் மாளிகைக்குட் புக இயலாது. மூன்றாவதாக, புதிய உயர் நீதிமன்றம். தேர்தல் மனு ஏழு நாளுள் தாக்கலாக வேண்டும். தாக்கலாகிப் பதினான்கு நாளுள் தீர்ப்பு வரவேண்டும். தேர்தல் செல்லாதெனின் அறுபது நாளுள் மறு தேர்தல். 1988 டிசம்பர் சனாதிபதித் தேர்தலை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்கா தொடுத்த மனு நமது உயர் நீதிமன்றத்தில் 1992இலேயே தீர்ந்தது. அதற்குள் பதவிக் காலத்தின் பாதி கழிந்துவிட்டது. பதினான்கு நாள் என்னும் விதியின் அருமை இதனால் விளங்கும்.

2013இல் ரைலா மீண்டும் நின்றார். 2007 வன்முறையின் பொருட்டு ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டிருந்த இருவர், ஒருவருக்கொருவர் எதிரணியில் நின்றவர்களாகிய உகுரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும், கைகோத்து நின்று இவரைத் தோற்கடித்தனர். அவ்விருவர் மீதான வழக்குகளும் பின்னர் நிலைக்காமற் போயின. உகுரு பெற்றது நூற்றுக்கு 50.07. ரைலா இம்முறை நீதிமன்றம் சென்றார். அவர் தரப்பின் மேலதிகச் சத்தியக் கடதாசி காலங் கடந்ததென்று ஏற்கப்படவில்லை. மனு ஏகமனதாகத் தள்ளுபடியாயிற்று. அன்றைக்கே அவர் தீர்ப்பை ஏற்றார்.

2017 ஓகஸ்ட் 8ஆம் நாள் நான்காம் முறை. உகுரு ஏறத்தாழப் பதினான்கு இலட்சம் வாக்குகளால் வென்றதாக அறிவித்தனர். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் நன்று நன்று என்று சொல்லி விமானம் ஏறினர். முதலில் நீதிமன்றம் செல்வதில்லை என்றிருந்த ரைலா மனம் மாறி மனுச் செய்தார். கணினிச் சேவையகத்தைத் திறந்து காட்டுமாறு நீதிமன்றம் கட்டளையிட, தேர்தல் ஆணைக்குழு அதனை முழுமையாக நிறைவேற்றவில்லை. செப்டெம்பர் 1ஆம் நாள், பிரதம நீதியரசர் டேவிட் மராகாவும் வேறு மூவரும் ஒரு பக்கமாக, இருவர் மாறுபட, தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பதவியிலிருக்கும் சனாதிபதியின் வெற்றியை ஆபிரிக்க நீதிமன்றமொன்று இரத்துச் செய்தது அதுவே முதன்முறை. எண்ணிக்கை வித்தியாசம் எவ்வளவு பெரிதாயினும், அந்த எண்ணிக்கை வந்த வழி யாப்பின்படி அமையாவிடின் அது நில்லாது என்பதே தீர்ப்பின் சாரம். தேர்தல் வழக்கு நடத்தும் நமது இளம் சட்டத்தரணிகள் அத்தீர்ப்பையும், மாறுபட்ட இருவரின் தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதன்பின் ரைலா செய்ததில் நமக்கு உடன்பாடில்லை. ஆணைக்குழு திருந்தவில்லை என்று கூறி மறு தேர்தலிலிருந்து விலகிக்கொண்டார். அவர் கூறிய காரணம் பொய்யன்று. ஆணைக்குழு உறுப்பினர் ஒருவரே நாட்டைவிட்டு வெளியேறி, நம்பத்தக்க தேர்தல் நடவாது என்று அறிவித்தார். தேர்தலை ஒத்திவைக்கக் கோரிய மனு வாக்களிப்புக்கு முதல் நாள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஏழு நீதியரசரில் இருவரே ஆசனத்துக்கு வந்தனர். உப பிரதம நீதியரசரின் வாகனச் சாரதி அதற்கு முந்திய மாலை சுடப்பட்டிருந்தார். இவ்வளவும் உண்மை. ஆயினும், நீதிமன்றம் தந்த பரிகாரம் மறு தேர்தல். அதில் நில்லாதவர் தாம் பெற்ற பரிகாரத்தைத் தாமே விட்டவராகிறார். ஒக்டோபர் 26ஆம் நாள் நான்கு கவுண்டிகளில் வாக்களிப்பே நடக்கவில்லை. உகுரு நூற்றுக்கு 98 பெற்றார். பகிஷ்கரிப்பின் கணக்கை நாமும் 2005இற் பார்த்தவர்கள், விரிக்க வேண்டியதில்லை. 2018 சனவரியில் ரைலா தம்மை மக்கள் சனாதிபதியென்று மைதானத்திற் சத்தியப் பிரமாணம் செய்வித்துக்கொண்டார். அருகில் நின்று அதனைச் செய்வித்த சட்டத்தரணி நாடு கடத்தப்பட்டார். ஆறு வாரத்துக்குள், மார்ச் 9ஆம் நாள், ரைலா உகுருவின் கையைக் குலுக்கினார்! அடிபட்ட தொண்டனிடம் எவரும் ஆலோசனை கேட்கவில்லை.

அக்கைகுலுக்கலின் பிள்ளையே பின்வந்த யாப்புத் திருத்த முயற்சி. பிரதம மந்திரிப் பதவியும் கூடுதலான தொகுதிகளும் உண்டாக்கப்பட இருந்தன. மேல் நீதிமன்றம் 2021இல் அதனைத் தடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றமும், மக்கள் முன்னெடுக்க வேண்டிய திருத்தத்தைச் சனாதிபதி முன்னெடுத்தல் ஆகாதென்று முடித்தது. இருபது வருடம் பாடுபட்டு எந்த யாப்பை ரைலா கொணர்ந்தாரோ, அதுவே அவர் வழியை மறித்து நின்றது. ஒரு யாப்பு செவ்வனே இயங்குகின்றதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை நாம் அறியோம்.

2022இல், எழுபத்தேழாம் வயதில், ஐந்தாம் முறை. இம்முறை பதவி விட்டுச்செல்லும் உகுருவே இவருக்கு ஆதரவு. ரூட்டோ 71,76,141, ரைலா 69,42,930. வித்தியாசம் 2,33,211. இவ்வெண்ணை 2007ஆம் ஆண்டின் எண்ணோடு பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள். 2,31,728இற்கும் 2,33,211இற்கும் இடையே ஆயிரத்து ஐந்நூறு வாக்கும் இல்லை. அன்று அந்த இடைவெளிக்காக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். 2022இலோ, 46,229 வாக்களிப்பு நிலையங்களின் பெறுபேற்றுப் படிவங்களை எவரும் பார்க்குமாறு ஆணைக்குழு இணையத்தில் வெளியிட்டது. பத்திரிகைகள் தாமே கூட்டிப் பார்த்தன. ஆணைக்குழுவின் ஏழு பேரில் நால்வர் முடிவுக்குத் தாம் பொறுப்பில்லை என்று வெளியேறினர், அவ்வளவு குழப்பம். ஆயினும் வழக்கு நீதிமன்றத்துக்கே சென்றது. செப்டெம்பர் 5ஆம் நாள் மனு ஏகமனதாகத் தள்ளுபடியானது. தீர்ப்புடன் தாம் கடுமையாக முரண்படுவதாகச் சொல்லியே ரைலா அதனை மதித்தார். பதினைந்து வருடத்தில் ஒரு நாடு கடந்த தூரம் இது. இதில் ரைலாவின் பங்கு பெரிது. சொந்தத் தோல்வியைக் கொடுத்து அவர் வாங்கிய பொருள் அது என்றே நாம் கருதுகின்றோம்.

இதனால் அவரைத் தெய்வமாக்க வேண்டாம். 2023இல் விலைவாசி உயர்வை எதிர்த்து அவர் அழைத்த ஆர்ப்பாட்டங்களிற் பொலீசார் சுட்டுப் பலர் இறந்தனர். 2024 யூனில் இளைஞர்கள் எந்தத் தலைவரையும் கேளாமல் வரி மசோதாவை எதிர்த்துப் பாராளுமன்றத்துட் புகுந்தபோது, அடுத்த மாதமே ரைலாவின் கட்சியினர் ரூட்டோவின் மந்திரி சபைக்குப் பெயர் குறிக்கப்பட்டனர். 2025 மார்ச்சில் இரு கட்சிகளும் உடன்படிக்கையும் எழுதின. மொய், கிபாக்கி, உகுரு, ரூட்டோ: தம்மைத் தோற்கடித்த அல்லது ஏமாற்றிய நால்வரோடும் அவர் பின்னர் ஒரே மேசையில் அமர்ந்தார். நாட்டின் அமைதிக்காக என்றார் அவர்; பதவிக்காக என்றனர் இளைஞர். 2008இல் அவர் சொன்னதை நாம் நம்புகின்றோம். 2024இல் நம்புதல் கடினம்.

கூட்டம் தொடங்குமுன் கமக்காரர் ஒருவர் துண்டுக் கடதாசியில் ஒரு வினா எழுதித் தந்தார். “ஐந்து தேர்தலாலும் அங்குள்ள தோட்டக்காரனுக்கு என்ன கிடைத்தது?” என்பது வினா. நல்ல வினா. யாப்பின் நான்காம் அட்டவணைப்படி பயிர்ச் செய்கை, கால்நடை, மீன்பிடி, கிராம வைத்தியசாலை, உள்ளூர் வீதி ஆகியவை கவுண்டி அரசின் பொறுப்பு. கிசுமுக் கரும்புத் தோட்டக்காரன் தன் வீதிக்காக நைரோபிக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. தானே தெரிவுசெய்த ஆளுநரின் வாசலில் நின்று கேட்கலாம். திறைசேரி பணத்தைக் காலந் தாழ்த்தி அனுப்புகின்றதென்று ஆளுநர்கள் முறையிட்டதுண்டு. ஆளுநர் சிலர் களவு வழக்கில் அகப்பட்டதும் உண்டு. ஆயினும் அச்சபைகளின் தேர்தல் 2013, 2017, 2022 என்று தவணை தவறாது நடந்தது. நமது வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள்.

ரைலாவின் உடல் நைரோபி வந்த மறுகணமே மக்கள் கடலெனத் திரண்டனர். அஞ்சலி செலுத்த வந்தவர்களிலும் சிலர் பாதுகாப்புப் படையினரின் சூட்டுக்கு இரையாயினர். ஒக்டோபர் 19ஆம் நாள் போண்டோவில், தந்தையார் துயிலும் நிலத்தில் அவரையும் அடக்கஞ் செய்தனர். யாப்புக் குறித்த அடுத்த தேர்தல் நாள் 2027 ஓகஸ்ட் 10. பல கட்சி முறை மீண்டபின் ரைலா உயிரோடு இல்லாமல் வரும் முதற் பொதுத் தேர்தல் அது.

ஒலிபெருக்கியைக் கீழே அனுப்புகின்றோம். மாறுபட்ட கருத்துடையோர் முதலிற் பேசலாம். 2017 பகிஷ்கரிப்பைச் சரியென்று கருதும் நண்பர்கள் இவ்வவையில் உளர் என்பது நமக்குத் தெரியும்.